எனக்காக நீ சொன்ன "உள்ளேன் ஐயா"

அன்பு மச்சான் பாண்டி,

மஞ்சள்காமாலை உன்னைக் கொண்டுபோய் இரண்டு வருஷம் ஆகிறது. நாம் படித்த அதே அரசுக் கல்லூரியில் இப்போது வரலாறு எடுக்கிறேன். இன்னும் கௌரவ விரிவுரையாளர்தான், சிரிக்காதே.

போன மாதம் வருகைப் பதிவு எடுக்கும்போது "முத்துக்குமார்" என்றேன். கடைசி பெஞ்சில் வேறொருவன் தலையைக் குனிந்து, குரலை மாற்றி, "உள்ளேன் ஐயா" என்றான். எனக்குச் சிரிப்பும் வந்தது, உன் ஞாபகமும் வந்தது.

நான் லோடு ஏற்றப் போன நாட்களில் நீ எனக்காகச் சொன்னதும் அப்படித்தானே? எனக்கு எப்போதும் ஜலதோஷம் என்று மூக்கால் வேறு சொல்வாய். ஒருநாள் நான் வந்திருந்ததை மறந்து நீயும் சொல்ல, நானும் சொல்ல, இருவரையும் எழுப்பி நிறுத்தினார்கள். "எதிரொலிங்கய்யா" என்றாயே, பாவி!

வகுப்பு முடிந்ததும் குரல் மாற்றியவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அவுக அப்பா படுத்துட்டாக சார். பாலவனத்தத்துலருந்து மில்லுக்குப் போறான். நீங்க ஆப்சென்ட் போட்டா பரீட்சை எழுத முடியாது சார்" என்றான்.

ஆப்சென்ட் போட்டேன். சாயங்காலமே பாலவனத்தத்துக்கு பஸ் ஏறினேன். முத்துக்குமார் என்னைப் பார்த்ததும் மடித்துக் கட்டிய கைலியை இறக்கிவிட்டான். "எங்க வீட்டுல யாரு சார் காலேசு படிச்சா? நான் நின்னுக்கிறேன்" என்றான். "ஏலே, என்கிட்ட அதைச் சொல்லாத!" என்று கத்திவிட்டேன்.

மில்லில் போய்க் கெஞ்சி, அவனைச் சாயங்கால ஷிப்டுக்கு மாற்ற வைத்தேன். இந்த வாரம் தன் பேருக்கு அவனே உள்ளேன் சொன்னான், கொட்டாவியோடு. இனி விடாமல் வந்தால் பரீட்சை எழுதிவிடுவான்.

மூன்றாம் வருஷம் நீ வராத நாட்களில் உன் பேரைக் கூப்பிட்டபோது நான் வாயைத் திறக்கவில்லை, மச்சான். மாட்டினால் என் படிப்பும் போய்விடும் என்று பயந்தேன். அதைக்கூட விடு. "ஏன்டா வரல?" என்று வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை கேட்டேனா? நீ போர்வெல் வண்டிக்குப் போய்விட்டாய். அதோடு உன் படிப்பு முடிந்தது. எம்.ரெட்டியபட்டியில் உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் நாலே வீடுதான்.

ஏன் வரவில்லை என்று நீயும் கடைசிவரை என்னிடம் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை?

இனி என் வகுப்பில் ஒருவனுக்காக இன்னொருவன் உள்ளேன் சொன்னால், அன்று சாயங்காலமே வராதவன் வீட்டு வாசலில் நிற்பேன். இது உன் மேல் சத்தியம்.

நாலு வீடு தாண்டி வராத உன் மச்சான்,
செல்வம்