வலியை நிறுத்தியவருக்கு

அண்ணாச்சி,

இன்று காலை பஜார் ரோட்டில் நடந்து வரும்போது சுக்கு மணத்தது. இதே தெருவில், இதே மிளகுக் கம்பெனியில் இத்தனை வருடம் குப்பை கொட்டியிருக்கிறேன். சுக்குக்கு இவ்வளவு காட்டமான மணம் உண்டு என்பதே மறந்துபோயிருந்தது. சிகரெட்டை விட்டு இன்னும் ஒரு வாரம்கூட ஆகவில்லை. மூக்குதான் முதலில் திரும்பி வந்திருக்கிறது. மணத்தோடு உங்கள் நினைவும் வந்தது. கண்ணில் நீர் கட்டியது. சுக்கின் காட்டம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நானாக விரும்பி விடவில்லை. இடது கால் பெருவிரல் கறுத்துவிட்டது. இனியும் புகைத்தால் கால் போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இதை வீட்டிலும் சொல்லவில்லை, ஆபீசிலும் சொல்லவில்லை. எம்.ஏ. படித்தவனை மிளகு விலை டைப் அடிக்க உட்கார வைத்தவர்கள், எனக்கு வரவேண்டிய கல்லூரி வேலையைச் சொந்த மருமகனுக்குக் கொடுத்தவர்கள், இவர்களை நினைத்துத்தான் ஒவ்வொரு சிகரெட்டையும் பற்றவைத்து வந்தேன். சிகரெட் போய்விட்டது, பகை வாயிலேயே தங்கிவிட்டது. நேற்று பியூனை எல்லோர் முன்னாலும் ‘நாயே’ என்றேன். என்னைவிட மூத்தவர். டீ கிளாசை எடுத்துக்கொண்டு போனார்.

நீங்கள் பீடியை விட்ட கதையே வேறு. எமர்ஜென்சி முடிந்த வருடம் அது. தூத்துக்குடியிலிருந்து எங்கள் குடோனுக்கு மேஸ்திரியாக வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன, மலையாளம் பிடிபடவில்லை. நெஞ்சுவலி என்று டாக்டரைப் பார்த்துவிட்டு, நான் சிகரெட்டோடு நின்றிருந்த படகுத்துறைக்கு வந்தீர்கள். பீடியைப் பற்றவைத்துக்கொண்டே சொன்னீர்கள்:

“தங்கமான டாக்டர் தம்பி. ‘வலி நிர்த்தணும்’னார். அதுக்குத்தானய்யா வந்திருக்கேன்னேன். எப்ப இருந்துன்னு கேட்டார். முந்தாநாளுல இருந்துன்னேன். ‘எந்நால் எளுப்பமாணு’ன்னு சிரிச்சாரு. சுளுவா நின்னுருமாம்.”

நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவன். “அண்ணாச்சி, இங்க வலின்னா நோவு இல்லை. புகை இழுக்கிறது. உங்க பீடியை நிறுத்தச் சொல்லியிருக்கார்” என்றேன்.

கையிலிருந்த பீடியைப் பார்த்தீர்கள். சிரித்துச் சிரித்து, இருமி, அதைக் காயலில் எறிந்தீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் பீடி தொட்டு நான் பார்த்ததில்லை.

அந்த நாட்களில் குடோன் முழுவதும் உங்களுக்குக் காவல். மூட்டை தூக்குகிறவர்கள், “அண்ணாச்சீ, வலி எங்ஙனே?” என்று கூவுவார்கள். “ரெண்டு வலியும் இருக்குடே!” என்று நீங்கள் திருப்பிக் கூவுவீர்கள். வாயில் எப்போதும் ஒரு எலுமிச்சைத் துண்டு. ஒருநாள் மூட்டைமேல் உட்கார்ந்து, எல்லோரும் பார்க்க அழுதீர்கள். “வெக்கம் பாத்தா விட முடியாது தம்பி” என்றீர்கள். ஒரு பீடிக்காக அழும் மனிதரைப் பார்க்க எனக்குக் கூசியது. உங்களுக்கு வெட்கமே கிடையாது என்று முடிவு கட்டினேன். அதற்காகவே உங்கள்மேல் ஒரு பொறாமையும் வைத்துக்கொண்டேன். போன மழைக்காலத்தில் காமாலையில் நீங்கள் போனீர்கள், பொறாமை போகவில்லை.

இன்று மதியம் குடோன் படியில் யாரோ எறிந்துவிட்டுப் போன பாதிச் சிகரெட் கிடந்தது. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குனிந்து எடுத்தேன். நிமிர்வதற்குள் பின்னால் உங்கள் வீட்டு மதினியின் குரல். இப்போதும் எங்களிடம்தான் சுக்கு புடைக்கிறார்கள்.

“என்ன தம்பி தேடுதீய?”

“பேனா மூடி, மதினி.”

முறத்தை வைத்துவிட்டு அவர்களும் குந்தினார்கள். மிளகுத் தூசியை விரலால் விலக்கி, படியின் இடுக்கெல்லாம் தடவிப் பார்த்தார்கள். மூடிய கையோடு நானும் தேடினேன். காது மடல்கூட எரிந்தது.

“அவியளும் பீடிய விட்ட புதுசுல அடுப்புச் சாம்பலக் கிளறிக்கிட்டு நின்னாவ” என்றார்கள் மதினி, தரையைப் பார்த்தபடியே. “என்னன்னு கேட்டா, தேங்காச்சில்லு விழுந்துட்டுன்னாவ. நானும் உக்காந்து தேடுனேன்.”

“கிடைச்சுதா?”

“எங்க கெடைக்க? கைக்குள்ளல்லா வச்சிருந்தாவ.”

எழுந்து, முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். ஒருமுறைகூட என் கையைப் பார்க்கவில்லை.

சிகரெட் உள்ளங்கையில் தூளாகியிருந்தது. குழாயடியில் வெகுநேரம் கழுவினேன். உங்களுக்கும் வெட்கம் இருந்திருக்கிறது, அண்ணாச்சி. அதைத் தாண்டித்தான் அந்த மூட்டைமேல் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். இத்தனை வருடம் உங்களை நான் தவறாகப் படித்து வைத்திருந்தேன். பொறாமை இருந்த இடத்தில் இப்போது வெட்கம் மட்டும்தான் இருக்கிறது. அது இருக்கட்டும்.

மாலை வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றி மனைவியிடம் விரலைக் காட்டினேன். தரையில் உட்கார்ந்து காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். “இதை எதுக்கு ஒளிச்சு வச்சீங்க?” என்றாள்.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.