மேல் வயலில் நிற்பவன்

அன்புள்ள வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் சுகமும், உம்மாவின் முழங்கால் நோவு குறைந்ததா என்பதும் அறிய ஆவல். அல்லாஹ்வின் உதவியால் நான் நலம். இங்கே பாதாம் அறுவடை முடிந்துவிட்டது. இயந்திரம் மரத்தைப் பிடித்து உலுக்கும்போது எழும்பிய புழுதியால்தான் நீங்கள் போனில் கேட்ட அந்த இருமல். இப்போது பரவாயில்லை.

இப்போது எனக்குத் தண்ணீர் வேலை. ஆற்றிலிருந்து பம்ப்பில் இழுத்து, ஒவ்வொரு மரத்துக்கும் சொட்டுச் சொட்டாக விடுகிறோம். சொட்டுத்தானே என்று நினைக்காதீர்கள். கல்முனையில் பஸ் ஏறிப் பாலமுனை போகிற தூரத்துக்கு இங்கே மரமாகவே தெரியும், அவ்வளவு பெரிய தோட்டம்.

போனில் சொல்ல வாய் வராததை எழுதுகிறேன். ஆற்றின் கீழ்ப்பக்கம் ஆடு வளர்க்கும் வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் நேற்று வேலியருகே வந்தார். தன் பம்ப்பில் சேறுதான் வருகிறதாம், எங்கள் பம்ப்பை இரண்டு நாள் நிறுத்த முடியுமா என்று கேட்டார். “எனக்குத் தெரியாது, முதலாளியிடம் கேளுங்கள்” என்றேன்.

முன்பு நம் வயல் காய்ந்தபோது நீங்கள் தண்ணீர் கேட்டு மேல் வயலுக்குப் போனீர்களே, அங்கு நின்ற கூலிக்காரன் என்ன சொன்னான்? “எனக்குத் தெரியா காக்கா, தண்ணி பங்கிடுற விதானையிட்டக் கேளுங்க.” அவனை எத்தனை நாள் ஏசினோம்!

நான் தண்ணீரைப் பூட்டவில்லை. பூட்டினால் வேலை போகும், வேலையோடு விசாவும் போகும்.

உம்மாவிடம் கஷாயத்துக்கு மல்லியும் வேர்க்கொம்பும் இடித்து அனுப்பச் சொல்லுங்கள். உடுக்க ஒரு மருதமுனைச் சாறனும் வையுங்கள். உங்களுடைய பழையது என்றாலும் போதும்.

வேலைக்குப் போகும் வேன் வந்துவிட்டது. சிறுபோக வேளாண்மைக்குத் தண்ணீர் வராவிட்டால், மேல் வயலில் நிற்பவனை ஏசாதீர்கள் வாப்பா. அந்த ஏச்சு இங்கே எனக்குத்தான் விழும்.

உங்கள் மகன்
ஹில்மி