பகிடிவதை என்று எழுதச் சொன்னார்கள்

11.06.2009, வியாழன்

இன்று மா இறுகிவிட்டது. கடைக்கு அவித்துக் கொடுக்கும் இடியப்பம் எல்லாம் முறிந்து முறிந்து விழுந்தது. கடைக்காரர் அப்படியே எடுத்துக்கொண்டார்.

அசர் தொழுகைக்குப் பிறகு, படிக்கிற கம்பஸிலிருந்து மகள் றுக்ஸானா போன் எடுத்தாள். மலைநாட்டில் விடாத மழையாம். "உம்மா, சாப்பிட்டயா" என்று கேட்கும்போதே பின்னால் ஆண்பிள்ளைகளின் சிரிப்பு. உடனே அவள் கத்தினாள். போன் விழுந்த சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

எத்தனை தரம் திருப்பி எடுத்தும் இல்லை. யா அல்லாஹ், எனக்கு மிச்சமாய் விட்டது இவள் ஒருத்திதானே.

12.06.2009

உயிரோடு இருக்கிறாள். கூடப் படிக்கும் யசோதினியின் போனில் இருந்து கதைத்தாள்.

அவளுடைய வகுப்புப் பொடியன்கள் மூன்று பேராம். கன்டீன் வாசலில் வைத்துப் பின்னால் வந்து முக்காட்டைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். முக்காட்டில் குத்தியிருந்த ஊசி தாடைக்குக் கீழே கிழித்துவிட்டது. 'சண்டையில் நாங்கள் வென்றுவிட்டோம், இனி இங்கே தமிழ் கதைக்காதே, சவூதிக்குப் போய்க் கதை' என்று சிங்களத்தில் சொன்னார்களாம். முக்காட்டைக் கொண்டுபோய்க் கன்டீன் நாயின் கழுத்தில் கட்டினார்களாம்.

"எல்லாரும் பாத்துச் சிரிச்ச, உம்மா."

நான் அழவில்லை. நான் அழுதால் அவளும் அழுவாள்.

நாய்க்கு! நமக்கு நாய் தொடக்கூடாத அசுத்தம் என்று தெரிந்துதானே செய்தார்கள்.

15.06.2009

மகள் ஊருக்கு வந்துவிட்டாள். கழுத்தில் பிளாஸ்டர். வந்தது முதல் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள்.

முறைப்பாடு கொடுத்துவிட்டுத்தான் வந்தாளாம். விடுதிப் பொறுப்பாளர் அம்மா பக்கத்தில் இருந்து, "றாகிங், பகிடிவதை என்று எழுது, அதற்குச் சட்டம் இருக்கிறது, கெதியாக முடியும். மற்றதெல்லாம் எழுதத் தேவையில்லை" என்று சொல்லி எழுதுவித்தாராம்.

நல்லது என்றுதான் நானும் சொன்னேன். கலியாணமாகாத கொமருப் பிள்ளையின் முக்காட்டை ஆம்பிளைகள் இழுத்தார்கள் என்று ஊரில் எப்படிச் சொல்வது? பகிடிவதை என்றால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். பக்கத்து வீட்டு முனவ்வறாவும், "அது எல்லாக் கம்பஸிலயும் நடக்கிறதானே புள்ள" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

19.06.2009

ஜும்ஆ முடிந்து காலிதீன் காக்கா வந்தார். என் கூடப் பிறந்தவர், எங்களுக்கு வேறு ஆம்பிளைத் துணை இல்லை. அதனால் எல்லாம் அவர் சொல்வதுதான் என்று நினைப்பு.

"படிச்சது காணும், நிப்பாட்டட்டும். அக்கரைப்பற்றில ஒரு மாப்பிள இரிக்கி. நெல் வியாபாரம். கேட்டு வந்திரிக்காங்க."

"அவள் என்ன களவா எடுத்த, ஊட்டுக்குள்ள ஒளிச்சி வெக்கிறத்துக்கு?"

"சண்ட இப்பதான் முடிஞ்ச. நீ வாயத் தொறந்து நெருப்ப அள்ளிப் போடாத."

"நெருப்பு வெச்சது நானா காக்கா?"

"றோட்டில எல்லா இடமும் செக்பொயின்ட் போட்டானுகள். ஒண்ட வாய்க்கு ஒண்டு போடாம உட்டுட்டானுகளே!"

மகள் உள்ளே இருந்து சிரித்துவிட்டாள். வந்த பிறகு முதல் சிரிப்பு. காக்கா கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

02.07.2009

கம்பஸிலிருந்து முடிவு சொன்னார்கள். புதிதாக வந்த பிள்ளைகளுக்குச் செய்தால்தான் பகிடிவதையாம். இவள் மூன்றாம் வருடமாம். ஆகவே இது ஒரே வகுப்புக்காரருக்கு இடையில் நடந்த விளையாட்டாம். முறைப்பாடு முடிந்ததாம்.

விளையாட்டாம்! ஒங்கட புள்ளைட முக்காட்ட இழுத்து நாய்க்குக் கட்டினா அதுவும் விளையாட்டா? ரெத்தம் வந்ததும் விளையாட்டா? எழுதச் சொன்னதும் அவங்க, எழுதினது பிழை எண்டு தள்ளினதும் அவங்க. நானும் சேந்து தலையாட்டின — மானம் போகுமெண்டு. இப்ப என்ன மிச்சம்?

இவளுடைய வாப்பாவையும் தம்பிமார் இரண்டு பேரையும் சுனாமியன்று கடல் கொண்டுபோனது. அதற்காக நான் கடலைத் திட்டியதில்லை. கடல் யாரென்று பார்த்து அடிக்கவில்லை. தமிழாக்கள் இருக்கிற காரைதீவிலும் அடித்தது, எங்கள் ஊரிலும் அடித்தது. இவன்கள் உடுப்பைப் பார்த்து, பாஷையைக் கேட்டு, பிறகு அடித்தான்கள்.

03.07.2009

தொழுகையில் மனம் நிற்கவில்லை.

09.07.2009

யசோதினி ஆலையடிவேம்பிலிருந்து பஸ்ஸில் வந்தாள். இடியப்பம் வைத்தேன், நன்றாகச் சாப்பிட்டாள். பிறகுதான் வாயைத் திறந்தாள்.

மே மாதம் சண்டை முடிந்தது என்று வெடி கொளுத்திய நாளில், விடுதிப் பெண்பிள்ளைகள் இவளைப் பிடித்து, சப்பாத்துத் துடைக்கும் துணியால் பொட்டை அழித்தார்களாம். 'உங்கள் ஆட்கள் முடிந்தார்கள்' என்றார்களாம். றுக்ஸானாவுக்கே இது இன்றுதான் தெரியும்.

"ஏன்டி எனக்கும் சொல்லல்ல?"

"எங்கட அம்மாட்டயும் பகிடி எண்டுதான் சொன்னன். பயந்திருவா."

இந்தப் பாழாய்ப்போன சொல்லுக்குள் எத்தனை பிள்ளைகளை நாங்கள் ஒளித்து வைத்திருக்கிறோம்?

கல்முனையில் ஸகியா என்று ஒரு சட்டத்தரணி, இப்படியான பிள்ளைகளுக்குச் சும்மா உதவுகிறாராம். போவோம் என்றாள் யசோதினி.

13.07.2009

போனோம். ஸகியா சின்ன வயதுதான். முறைப்பாட்டின் பிரதியை வாசித்துவிட்டு மகளைப் பார்த்தார்.

"இழுத்தது இரிக்கி. போன் உடைஞ்சது இரிக்கி. அவனுகள் சொன்ன சொல் எங்க, மகள்? நாய் எங்க?"

மகள் என்னைப் பார்த்தாள். ஸகியாவும் என் பக்கம் திரும்பினார்.

"ராத்தா, இது பகிடிவதை இல்ல. இவள் ஆரு எண்டதுக்காகச் செஞ்ச குற்றம். சொன்ன சொல்தான் அதுக்குச் சாட்சி. அதை உட்டுட்டு எழுதினா விளையாட்டு எண்டுதான் சொல்லுவானுகள்."

திரும்ப எழுத வைத்தார். டொக்டரிடம் கழுத்துக் காயத்துக்கு ஒரு சான்றுத் துண்டு எடுக்கச் சொன்னார். மகள் நித்திரை இல்லாமல் கிடப்பதைச் சொன்னேன். அதற்குக் கதைத்து ஆற்றுகிற ஒரு பெண் இருக்கிறா, கிழமைக்கு ஒருக்கா வாங்க என்றார்.

நாயைப் பற்றி எழுதும் இடத்தில் மகளின் கை நின்றுவிட்டது.

"எழுதவா உம்மா? ஊரெல்லாம் அறியும். அக்கரைப்பற்றுக்காரரும் அறிவாங்க."

"எழுது. அறியட்டும்."

28.07.2009

புது முறைப்பாட்டுக்கு விசாரணை. நானும் மகளோடு கம்பஸுக்குப் போனேன். விசாரணை அறைக்கு வெளியே வாங்கில் குந்திக் காத்திருந்தேன். அந்த மூன்று பேரில் ஒருவன் எதிர் வாங்கில் இருந்தான். பூனை மீசை. என் இரண்டு பொடியன்களில் மூத்தவன் இருந்திருந்தால் இவனைவிட ஒன்றிரண்டு வயதுதான் குறைவு. அதை நினைத்தும் கோபம் குறையவில்லை. அவன் தலையைக் குனியும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.

யசோதினி தன்னுடையதையும் சொன்னாள். கன்டீனில் பார்த்திருந்த ஒரு சிங்களப் பிள்ளையும் வந்து, அவன்கள் சொன்னதை அப்படியே சொன்னதாம். அன்றைக்குத் தானும் சிரித்ததாகவும் சொன்னதாம்.

மகள் வீட்டுக்கு வரவில்லை. வகுப்பு இருக்கிறதாம். நான் தனியே பஸ் ஏறினேன்.

21.09.2009, நோன்புப் பெருநாள்

இழுத்தவனை ஒரு வருடம் நிறுத்திவிட்டார்கள். மற்ற இரண்டு பேரும் அங்கேதான் திரிகிறார்கள். எனக்கு ஆறவில்லை. ஆறவும் வேண்டாம்.

அக்கரைப்பற்று மாப்பிள்ளை வேறு இடத்தில் கலியாணம் முடித்துவிட்டாராம்.

மகள் பெருநாளைக்கு வரவில்லை. புத்தளம் பக்கத்து முதலாம் வருடப் பிள்ளை ஒன்று, இவளுடைய அறைக் கதவைத் தட்டி, "ராத்தா, எனக்கும்..." என்று அழுததாம். நாளைக்கு அந்தப் பிள்ளையோடு பொலிசுக்குப் போகிறாளாம்.

"பெருநாளைக்கும் வராமலா?" என்றேன்.

"அவளுக்கு இஞ்ச ஆரும் இல்ல உம்மா. இப்பயே சொல்லு சொல்லா எழுதி வெச்சிட்டம்."

பள்ளியில் தொழுதுவிட்டு வந்த காக்காவிடம் சொன்னேன். "கொமருப் புள்ளைக்குப் பொலிசில என்ன வேல?" என்று குதித்தார். நான் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் காணும்படி, பெருநாளைக்கு அவித்த வட்டிலப்பத்தைச் சுற்றிக் கட்டினேன்.

"இத ஆர் கொண்டு போற?"

"பஸ்ஸிலதான் குடுத்தனுப்பணும்."

புறுபுறுத்துக்கொண்டே வாங்கினார். பெருநாள் உடுப்போடு கல்முனை டிப்போ வரைக்கும் போய், கொண்டக்டரின் கையில் கொடுத்துவிட்டு வந்தார்.