பொட்டுக்கு மேல் நின்ற ஊசி

பாவா,

இன்று பொதட்டூர்பேட்டை பஸ்ஸில் ஏறியதும் கரிப்புகை நெடி அடித்தது. உங்கள் வண்டிதான். யுத்தத்தால் பெட்ரோல் கிடைக்காமல் பின்னால் கரி உலை மாட்டிவிட்டார்கள். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் நீங்கள் பொருத்திய மீட்டர் இல்லை, ஓட்டைதான் இருக்கிறது. இருப்புக்கொள்ளாமல் பாதி வழியிலேயே இறங்கிவிட்டேன்.

அதைப் பட்டணத்துப் பழைய சாமான் கடையில் நீங்கள் வாங்கி வந்தபோது உங்களைக் கட்டிய என் அக்கா சிரித்தாள். எஞ்சின் எவ்வளவு வேகமாகப் பெட்ரோல் குடிக்கிறது என்று ஓடும்போதே காட்டும் மீட்டர். காலை அழுத்தினால் அதிகம் குடிக்கும், ஊசி இறங்கும்; தளர்த்தினால் ஏறும். ஆயுத பூஜையன்று அக்கா அதன் கண்ணாடியில் வைத்த குங்குமப் பொட்டையே நீங்கள் எல்லையாக்கிக்கொண்டீர்கள். மேட்டில் ஊசி பொட்டுக்குக் கீழே போனால் ஆண்கள் இறங்கி நடக்க வேண்டும். அது உங்கள் வண்டியின் சட்டம்.

என் உதவித்தொகைப் பரீட்சை அரக்கோணத்தில் நடந்தது. தவறினால் எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிடும். பட்டாளத்து ரயிலுக்காக அன்று பாசஞ்சரை நிறுத்திவிட்டார்கள். மிஞ்சியது உங்கள் பஸ்தான். அதன் டாங்கியிலோ அடிமட்டத்தில்தான் பெட்ரோல்.

"வேகமா போங்க பாவா."

"வேகமா போனா நடுவுல நின்னுடும்மா. நீ ஊசியப் பாத்து சொல்லிகினே வா. நான் ரோட்டப் பாக்கறேன்."

லுங்கி மூட்டையோடு வந்த நெசவாளர் ஒருவர், "இன்னா டிரைவரே, மாட்டு வண்டி முந்திகினு போவுது. பாப்பாவ அதுலயாவது ஏத்தி வுடுங்க" என்றார்.

"அதுக்கு வைக்கோலு கீதுங்க. எனக்கு எங்க கீது?" என்றீர்கள்.

மேட்டில் முதலில் இறங்கி நடந்தவர் அவர்தான்.

'ஏறுது, இறங்குது, பொட்டுக்குக் கீழ போயிடுச்சு' என்று நான் சொல்லச் சொல்ல உங்கள் கால் தளர்ந்து தளர்ந்து அழுத்தியது. வண்டி நிற்கவில்லை. பள்ளிக்கூட வாசலுக்கு வந்தபோது மணி அடித்துக்கொண்டிருந்தது. குதித்து இறங்கினேன்.

"ஓடாதம்மா. மூச்சு வாங்கிகினு ஒக்காந்தா கை நடுங்கும். நடந்தே போ."

நடந்தேன். அவ்வளவு கஷ்டமான வேலையை அதுவரை செய்ததில்லை.

ஆடிக் கிருத்திகை முடிந்ததும் உங்களுக்குக் காய்ச்சல் கண்டது. ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. காரியம் முடிந்த மறுநாள்தான் தபாலில் பரீட்சை முடிவு வந்தது. அடுப்படியில் இருந்த அக்கா, "போயி உங்க பாவாகிட்ட சொல்லிட்டு வாடி" என்றாள், பழக்கத்தில். நானும் பஸ் நிற்கும் இடம்வரை ஓடிவிட்டேன். அங்கே நின்ற பிறகுதான் விளங்கியது.

பள்ளியில், வீட்டில், தெருவில் எல்லோரிடமும் சொல்லியாயிற்று. முதலில் சொல்ல வேண்டிய ஆளுக்குச் சொல்லாததால் அந்தச் செய்தி இன்னும் என்னிடமே இருப்பதுபோல இருக்கிறது.

தேறிவிட்டேன், பாவா.