முப்பத்தொன்றாம் உறை

போடிமெட்டு எஸ்டேட்,
ஐந்தாம் நம்பர் லயம்.
8.9.2024

மதிப்பிற்குரிய அருள்குமார் சார்,

என் தம்பி சதீஷைக் கெடவிட்டுப் பார்த்தீர்கள். பார்த்ததைக் குறித்துக்கொண்டீர்கள். போனை நீங்கள் எடுக்காததால் எழுதுகிறேன்.

உங்கள் போதை ஆய்வுக்கு இந்த மலையில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாக ஏறி ஆள் சேர்த்தவள் நான். வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போட்டுக்கொள்கிற அறுபது பேர். ஆளுக்கொரு ஒட்டிய உறை. உள்ளே மஞ்சள் சீட்டு இருந்தால் வாரம் ஒரு நாள் டாக்டர், மருந்து, கவுன்சலிங். வெள்ளைச் சீட்டு இருந்தால் அறிவுரை அச்சடித்த நோட்டீஸ் மட்டும். சதீஷின் உறை முப்பத்தொன்று. என் கையால்தான் பிரித்தேன். வெள்ளை.

அன்றைக்கே உங்களைப் போனில் கூப்பிட்டு, சீட்டை மாற்றித் தரக் கேட்டேன். "மாத்துனா ஆய்வே போச்சுங்க அம்மிணி. ஆறு மாசம் பொறுத்துக்கங்க, அப்பறம் வெள்ளைச் சீட்டுக்காரங்களுக்கும் இதே வைத்தியந்தான்" என்றீர்கள். சம்மதப் படிவத்தின் நான்காம் பத்தியிலும் அப்படித்தான் இருந்தது. அறுபது பேருக்கும் அதை வாசித்துக் காட்டியது நான்.

இது பத்தாவது மாதம். யாரும் வரவில்லை. சதீஷின் இடது கை சீழ் வைத்து வீங்கியிருக்கிறது. டாக்டரை எப்போது அனுப்புவீர்கள்?

முருகேஸ்வரி


நல்லேப்பிள்ளி,
19.9.2024

அன்புள்ள முருகேஸ்வரிக்கு,

கடிதம் கண்டேன். ஊரில் முதல் போக அறுவடை. அப்பாவுக்கு உடம்பு முடியாததால் விடுப்பில் வந்து களத்தில் நிற்கிறேன். போனை எடுக்காதது என் தப்புதான்.

சதீஷின் கையை உடனே அரசு ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். வருத்தமாக இருக்கிறது. ஆனால் நோட்டீஸ் மட்டும் வாங்கியவர்கள் இல்லாவிட்டால், மருந்து வேலை செய்கிறது என்று ஒருவரும் நம்பமாட்டார்கள். மஞ்சள் சீட்டில் பத்தொன்பது பேர் ஊசியை விட்டுவிட்டார்கள். வெள்ளையில் இரண்டே பேர். இதைப் பார்த்துத்தான் போதைக் கொள்கைக் குழு என்னைத் திருவனந்தபுரத்துக்குக் கூப்பிட்டிருக்கிறது. பிடித்து உள்ளே போடாதீர்கள், வைத்தியம் கொடுங்கள் என்று சொல்லப்போகிறேன். நாளைக்கு ஆயிரம் சதீஷ்களுக்கு இது வழி. வெள்ளைச் சீட்டுக்காரர்களுக்கு வைத்தியம் தரும் இரண்டாம் கட்டத்துக்கு நிதி வரவில்லை. மூன்று முறை எழுதிக் கேட்டுவிட்டேன்.

அறிக்கையில் உங்கள் பெயரைப் போட்டு நன்றி சொல்லியிருக்கிறேன். அடுத்த ஆய்வு அகளியில். உங்களைப்போல் ஒழுங்காக உறை பிரிப்பவர் கிடைக்கமாட்டார். வாருங்கள் அம்மிணி.

அன்புடன்,
அருள்குமார்


போடிமெட்டு,
30.9.2024

அருள்குமார் சார்,

ஆஸ்பத்திரியில் கையைக் கீறிவிட்டார்கள். கட்டோடு வந்தவன் மறுநாளே அடுத்த கையில் குத்திக்கொண்டான்.

உங்கள் கடிதத்தை அவனுக்கு வாசித்தேன். சிரித்தான். "ஏக்கா, நான் தோத்தாத்தான் அவுகளுக்கு ஜெயிப்பாக்கும்? அப்ப நல்லாத்தான் வேல பாத்திருக்கேன். எனக்கும் ஒரு நன்றி போடச் சொல்லு" என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் சொன்னது சரி. அவன் திருந்தியிருந்தால் உங்கள் அறிக்கைக்குத்தான் நஷ்டம்.

அன்றைக்கு முப்பத்திரண்டாம் உறையும் என் பையில்தான் இருந்தது. அடுத்த லயத்து ஜோமோனுக்கு அது மஞ்சளாக வந்தது. இப்போது சுற்றுலா ஜீப் ஓட்டுகிறான். வளைவுக்கு வளைவு ஹாரன் அடிப்பவன், எங்கள் வாசலைத் தாண்டும்போது மட்டும் அடிப்பதில்லை. அவன் நன்றாக இருக்கட்டும். நான் உறையை மாற்றவில்லை. உங்கள் பேச்சை நம்பினேன், அதுதான் நான் செய்தது.

வெள்ளைச் சீட்டு வீட்டுப் பெண்கள் முன்பெல்லாம் குழாயடியில் என்னை மறித்து, டாக்டர் எப்போது வருவார் என்று கேட்பார்கள். இப்போது நான் போனால் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

அகளிக்கு வரமாட்டேன். அங்கேயும் யாரோ ஒருத்தி தன் தம்பியின் உறையைப் பிரிப்பாள்.

முருகேஸ்வரி


போடிமெட்டு,
27.10.2024

சார்,

போன கடிதத்தை அனுப்பிய பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டை உங்கள் கையெழுத்தோடு வந்து மூன்று வாரமாகிறது. பதில் வரவில்லை.

திருவனந்தபுரத்தில் பேசும்போது சம்மதப் படிவத்தின் நான்காம் பத்தியையும் வாசியுங்கள். நான் இங்கே வாசித்ததுபோல, சத்தமாக.

இதுவரை சதீஷ் எதையும் கேட்டதில்லை. நேற்று கஞ்சியைத் தள்ளிவைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்: "ஏக்கா, அந்தாளு தேதி எழுதுனாரா?"

எழுதுவார் என்று சொல்லியிருக்கிறேன். மன்னிப்பு வேண்டாம், நன்றி வேண்டாம். டாக்டர் வரும் தேதியை மட்டும் எழுதுங்கள்.

முருகேஸ்வரி