மறுசோறு கேட்டவள்

கீழ்வீட்டில் இன்று காலையிலேயே முருங்கைக்கீரையை முட்டையோடு கிளறுகிறார்கள். அந்த வீட்டுப் பெண்ணுக்கு ஆறாம் மாதம். ரத்தம் குறைவு என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அவள் மாமியார் எதையாவது வதக்கி, தட்டும் கையுமாக அவள் பின்னாலேயே திரிகிறாள். அந்த வாசனை படியேறி என் சமையலறைக்குள் வந்தது. எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று ஒரு நிமிடம் யோசித்தேன். உன்மேல்தான்.

நீ போய் இரண்டு மாதம் ஆகப் போகிறது. இப்படி எழுதுகிறவர்கள் போனவரைப் புகழ்ந்து தொடங்குவார்கள். எனக்கு அது வராது. ஒரே வீட்டில் வாழ்க்கைப்பட்டவர்கள் நாம். நான் மூத்த மருமகள், நீ இளையவள். என் புகழ்ச்சிக்காக நீ ஒருநாளும் காத்திருந்ததில்லை. உன்னிடம் எனக்குப் பிடிக்காதவற்றில் அதுவும் ஒன்று.

நீ வேதாரண்யத்து உப்பளப் பக்கத்திலிருந்து வந்தாய். நான் கும்பகோணத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளி விடுதியில் வளர்ந்தவள். அங்கே சாப்பாட்டு அறையில் பேசக் கூடாது, தட்டில் மிச்சம் வைக்கக் கூடாது, மறுசோறு கேட்கக் கூடாது. கேட்ட பெண்ணை சிஸ்டர் திட்டமாட்டார். நிமிர்ந்து ஒரு முறை பார்ப்பார், அவ்வளவுதான். அந்தப் பெண் அதன் பிறகு கேட்கமாட்டாள். அதே பள்ளியின் மனையியல் வகுப்பில், கர்ப்பிணி என்னென்ன சாப்பிட வேண்டும் என்று வட்டம் வரைந்து, பால், முட்டை, கீரை, பருப்பு என்று வண்ணம் தீட்டி முதல் பரிசும் வாங்கினேன். பரிசு வாங்கிய பாடம் பள்ளியோடு போயிற்று. சாப்பாட்டு அறை என்னோடு புகுந்த வீட்டுக்கு வந்தது.

நாம் இருவரும் ஒன்றாக உண்டாகியிருந்த வருஷம் உனக்கு மறந்திருக்காது. கழக ஆட்சி வந்த புதிது. மேடைக்கு மேடை அரிசியைப் பற்றித்தான் பேச்சு. நம் வீட்டிலோ நெல்மூட்டை உத்தரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஆனாலும் ஏழாம் மாதம் பிறந்ததும் அத்தை நம் சோற்றைப் பாதியாக்கினார். பிள்ளை வயிற்றில் பெருத்துவிட்டால் பிரசவம் சிக்கலாகும், சிறுத்திருந்தால் சிரமமில்லாமல் வந்துவிடும் என்பது அந்த வீட்டுச் சட்டம். அவருக்கும் அப்படித்தான் அளந்து போட்டிருப்பார்கள்.

நான் வாய் திறக்கவில்லை. நீ முதல் நாளே தட்டை நீட்டினாய்.

"அத்தை, பசிக்குது. இன்னும் ரெண்டு கரண்டி போடுங்க."

"ஏண்டி, வயித்துல இருக்குறது புள்ளையா, யானைக்குட்டியா?"

"எதுவா இருந்தா என்ன அத்தை, அது சோறுதானே கேக்குது?"

சுகாதார நிலையத்து நர்ஸ் வந்து நம் கண்ணிமையை இழுத்துப் பார்த்து, இருவருக்கும் சத்து மாத்திரை கொடுத்தார். அவர் தலை மறைந்ததும் அத்தை, "அதைத் தின்னா புள்ள கறுத்துப் பொறக்கும்" என்றார். நீ என்ன சொன்னாய்? "நானே கறுப்பு அத்தை. புதுசா என்ன கறுக்கப் போவுது?" சொல்லிவிட்டு அவர் எதிரிலேயே மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாய். அத்தை என் பக்கம் திரும்பி, "மூத்தவளைப் பாரு. வாயைத் தொறந்து ஒண்ணு கேக்குறாளா?" என்றார். அந்தப் பாராட்டில் எனக்கு வயிறு நிறைந்தது போலிருந்தது. என் மாத்திரைகள் அலமாரியில் கிடந்தன.

அறுவடை நேரத்தில் கூலித் தகராறு முற்றியது. களத்துமேட்டில் சிவப்புக் கொடி நட்டார்கள். நம் ஆட்கள் வேலைக்கு வருவதை நிறுத்தினார்கள். வெளியூர் ஆளை இறக்கி அறுப்பதா, கேட்ட கூலியைக் கொடுப்பதா என்று ஆண்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பேசினார்கள். முற்றிய கதிர் தண்ணீரில் சாய்ந்து கிடந்தது. என் வீட்டுக்காரர் கூட்டம் முடிந்து வரும்போது கையில் பேப்பர் இருக்கும். எந்த ஊரில் என்ன கலவரம் என்று உரக்கப் படிப்பார். உன் வீட்டுக்காரர் வரும்போது சட்டைப் பையில் முட்டை இருக்கும். ஒருநாள் அது பைக்குள்ளேயே உடைந்து வழிந்தது. "என்னடா மஞ்சளா?" என்று அத்தை கேட்டதும், "நம்ம சங்கக் கொடிக்கம்பத்துப் பெயிண்டும்மா, காயல போலருக்கு" என்றார். நீ தூணுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாய். நானும் சிரித்தேன். பிறகு அறைக்குள் போய், பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் கணவரை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் தலை நிமிரவில்லை.

ஆள் வராததால் மாட்டுக்கொட்டகைப் பக்கம் வெறிச்சோடிக் கிடந்தது. நீ அங்கே மூன்று செங்கல்லைக் கூட்டி அடுப்பாக்கிக் கருவாடு சுட்டாய், முட்டை அவித்தாய், வாய்க்கால் கரைக் கீரையைப் பறித்துப் பருப்போடு வேகவைத்தாய். ஒவ்வொரு முறையும் என்னைக் கூப்பிட்டாய்.

"அக்கா, ஒரு வாய் சாப்புடுங்க."

"எனக்குப் பசியில்ல."

"உங்களுக்கு இல்லன்னா போவட்டும். உள்ள இருக்குறதுக்குமா இல்ல?"

நான் திரும்பி வந்தேன். கூரை முட்ட நெல் இருக்கிற வீட்டின் மூத்த மருமகள், மாட்டுக்கொட்டகையில் உன் கையால் வாங்கித் தின்ன முடியாது. முதுகுக்குப் பின்னால் நீ முள்ளைத் துப்பும் சத்தம் கேட்டது. உன் கன்னம் மினுமினுத்தது. என் வளையல்கள் முழங்கைவரை ஏறி இறங்கின.

உனக்கு மகள் பிறந்தாள். கொழுகொழுவென்று, வீடே அதிரும் குரலோடு. அத்தை பயந்தபடி எந்தச் சிக்கலும் இல்லை. சில வாரம் கழித்து எனக்கு நாள் நெருங்கும் முன்பே வலி எடுத்தது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் காரில் கொண்டு போனார்கள். மகன் பிறந்தான். ஒரு கைக்குள் அடங்குகிற உருவம், முதியவர் போலச் சுருங்கிய முகம், பூனை முனகுவது போல அழுகை. எனக்கு எழுந்தால் கண் இருட்டியது. லேடி டாக்டர் என் கணவரிடம், "மாசமா இருந்தப்ப இவங்க என்ன சாப்பிட்டாங்க?" என்று கேட்டார்.

"எல்லாம் இருக்குற வீடு டாக்டர்."

"வீட்ல இருக்குறதைக் கேக்கலைங்க."

வீட்டுக்கு வந்த பிறகு பத்தியம் என்று மறுபடியும் அளவுச் சோறு, அளவுத் தண்ணீர். எனக்குப் பால் ஊறவில்லை. பிள்ளை சப்பிச் சப்பி ஓய்ந்துபோய், அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தான். அவன் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று நான் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நீ வாசற்படியில் வந்து நின்றாய். உன் ரவிக்கை நனைந்திருந்தது.

"குடுங்க அக்கா."

நான் பிள்ளையை இறுக்கிக்கொண்டேன்.

"குடுங்கன்னா. அப்புறமா என்னைத் திட்டிக்கலாம்."

கொடுத்தேன். அவன் உன் மார்பில் முகத்தைப் புதைத்தான். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அவன் விழுங்கும் சத்தம் கேட்டது. அவன் பிறந்த நாளிலிருந்து நான் கேட்க ஏங்கிய சத்தம் அது. என் பிள்ளை பிழைத்துவிடுவான் என்று எனக்குத் தெரிந்தது. உன்னை அந்த இடத்திலேயே அறைய வேண்டும் போலவும் இருந்தது. இரண்டில் எது முந்தியது என்று கேட்காதே.

மறுவாரம் உன் அம்மா, தின்றால் பால் ஊறும் என்று கடற்கரையிலிருந்து பால்சுறா மீன் கொண்டு வந்தார். நீ அதைப் புட்டாக உதிர்த்து, பூண்டு தட்டிப் போட்டு, சோற்றோடு என் முன்னே வைத்தாய். அத்தை வாசலில் நின்று முறைத்தார். நீ அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"சாப்புடுங்க அக்கா. இல்லன்னா இவன் என்கிட்டயே இருந்துடுவான்."

விளையாட்டாகத்தான் சொன்னாய். அவன் உன் மடியில், வாயோரம் பால் வழிய உறங்கிக்கொண்டிருந்தான். நான் தட்டைத் துடைத்துச் சாப்பிட்டேன். வெறும் தட்டை அத்தை பக்கம் நீட்டினேன்.

"இன்னும் கொஞ்சம் சோறு போடுங்க."

அவர் கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றார். நான் தட்டை இறக்கவில்லை. போட்டார். அடுத்த வேளையும் கேட்டேன். அதற்கு அடுத்த வேளையும். தாய்ப்பாசத்தால் சாப்பிட்டேன் என்று பிற்பாடு உறவுக்காரர்கள் சொன்னார்கள். எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். உன் மடியிலிருந்து அவனைப் பிடுங்கத்தான் சாப்பிட்டேன். பால் ஊறியது. மெல்ல மெல்ல அவன் என்னிடம் வந்தான். ஆனாலும் தவழத் தொடங்கிய பிறகு பசி வந்தால் முதலில் உன் அறைப் பக்கம் பார்ப்பான், அப்புறம்தான் என்னை. நீ வேண்டுமென்றே கதவைச் சாத்திக்கொள்வாய். அந்தப் பெருந்தன்மையும் எனக்குப் பிடிக்கவில்லை.

கீழ்வீட்டுப் பெண்ணைப் படியில் பார்க்கும்போதெல்லாம் நான் கேட்பது ஒன்றுதான்: "இன்னைக்கு ரெண்டாவது தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டியா?" மாத்திரை போட்டாயா, கீரை தின்றாயா என்று மாமியாரும் டாக்டரும் கேட்டுக்கொள்வார்கள். அவளுக்கு நான் வினோதமான கிழவி. உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டதை என் பெயரில் கொடுக்கிறேன். கணக்குப் பார்க்க நீ வரப்போவதில்லை.

உனக்கு மகன் இல்லை. நீ போன அன்று என் மகன், தலை நரைத்தவன், என் முன்னால் வந்து, "சித்திக்கு நான் கொள்ளி வைக்கட்டுமாம்மா?" என்றான். "இதை எதுக்கு என்கிட்ட கேக்குற?" என்றேன். காவிரிக் கரையில் மொட்டையடித்துக்கொண்டு, ஈர வேட்டியோடு அவன் குலுங்கிக் குலுங்கி அழுததை வீடு திரும்பியவர்கள் சொன்னார்கள். நான் கேட்டுக்கொண்டேன். வீட்டுக்குள் வந்து சுவரில் சாய்ந்து அவன் மறுபடியும் அழுததை நானே பார்த்தேன்.

எனக்காக அவன் எப்படி அழுவான் என்று பார்க்க நான் இருக்கமாட்டேன்.