நீ எழுதிய 'பைய'

அன்புக் காதருக்கு,

நீ கண்ணை மூடி எட்டு மாதமாகிறது. பேட்டையில் நம் பட்டறை இருந்த இடத்தில் இப்போது டைல்ஸ் கடை. முதலாளி எதிரே வந்தால் இன்றும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். அவரை நான் மன்னிக்கப் போவதில்லை.

நாம் செய்த மோட்டார் பெட்டி நினைவிருக்கிறதா? வயலுக்கு ஆற்றுத் தண்ணீர் இறைக்கும் மோட்டார்களைத் தானே ஓட்டி நிறுத்தும் சின்னக் கணினி. அதன் கெர்னலில், அந்த அடிப்படை நிரலில், சூட்டைக் கவனிக்கும் பகுதி உன்னுடையது. சூடு ஏறினால் வேகத்தைக் குறை. இன்னும் ஏறினால் இன்னும் குறை. சில்லு வெந்துபோகும் நிலை வந்தால் மட்டும் அணை. வேகம் குறைக்கும் வரிகளுக்கு 'பைய' என்று பெயர் வைத்திருந்தாய்.

"யாருய்யா இந்தப் பையன்?" என்றார் சென்னைக்கார முதலாளி.

"பையன் இல்ல அண்ணாச்சி, பைய. மெதுவான்னு அர்த்தம். பைய ஓடுனாலும் ஓடும்லா, நின்னுட்டா பயிரு என்ன செய்யும்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

வாங்க வந்தவர்களுக்குப் பெட்டியை ஓட்டிக் காட்டிய மத்தியானம், சூட்டில் வேகம் குறைந்து பெட்டியின் திரை மந்தமாக இருக்கிறதென்று முதலாளி கத்தினார். நான்தான் 'பைய'வை நீக்கினேன். திரும்பச் சேர்க்கவில்லை. மறந்துவிட்டேன் என்றால் பாதி பொய். வேகத்துக்குக் கிடைத்த பாராட்டு பிடித்திருந்தது.

சித்திரையில், முக்கூடலில், தகரக் கொட்டகைகளுக்குள் பெட்டிகள் வேகம் குறையாமலே கொதித்து ஒவ்வொன்றாக அணைந்தன. வாழை வாடியது. "சூட்டுப் பகுதி யார் வேலை?" என்றார் முதலாளி. அன்றே உன்னை வெளியே அனுப்பினார். நான் வாய் திறக்கவில்லை.

நிரலை மாற்றியவன் பெயர் அதன் பதிவில் இருந்ததே, நீ பார்க்காமலா இருந்திருப்பாய்? வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "வாரேம்லே மச்சான், நீ பைய வீட்டுக்குப் போ" என்றாய். அவ்வளவுதான். ஏன் காதர்? சட்டையைப் பிடித்திருக்கலாமே. முதலாளி மேல் உள்ளதைவிட உன் மேல்தான் எனக்குக் கோபம் அதிகம். ஒரு வசவுகூடத் தராமல் போய்ச் சேர்ந்துவிட்டாய்.

போன வாரம் உன் மகளைக் கடைத்தெருவில் பார்த்தேன். கணினிதான் படிக்கிறாளாம். "வாப்பா என்னத்தத் தப்பா எழுதுனாவ, மாமா? காட்டித் தாங்க. நான் அத எழுதாம இருப்பேம்லா" என்றாள். பேருந்து வந்துவிட்டதாகப் பொய் சொல்லி ஓடிவந்தேன்.

பழைய நிரலைத் தேடி எடுத்துவிட்டேன். உன் வரிகள் இருக்கின்றன. அவற்றை நீக்கிய நாளும் இருக்கிறது, பக்கத்தில் என் பெயரும். வருகிற வெள்ளிக்கிழமை அதை அவள் முன்னால் திறந்துவைப்பேன். பின்வாங்க வழியிருக்கக் கூடாது என்றுதான் ஊர் படிக்க இதைப் பத்திரிகைக்கு எழுதுகிறேன். நீ திட்டாததை அவள் திட்டட்டும். இந்த முறை நின்று கேட்பேன்.

உன் மச்சான்,
சங்கரன்